மேக்ரோ கீபோர்டு: நேரம் மிச்சமாகும், பணம் மிச்சமாகுமா?



நம்ம சேனல் பார்க்கிறவங்கள்ல நிறைய பேர் பகல்ல ஆஃபீஸ், ராத்திரி எடிட்டிங்னு ஓடிக்கிட்டு இருக்கீங்க. கல்யாண வீடியோ, வளைகாப்பு போட்டோ, கடைக்காரங்களுக்கு ரீல்ஸ்னு கையில கிடைக்கிற வேலையை எடுத்துப் பண்றீங்க. அப்படி ராத்திரி 11 மணிக்கு டைம்லைன்ல உட்கார்ந்திருக்கும்போதுதான், ஒரு எடிட்டர் இடது கையில குட்டிப் பெட்டியைத் தட்டி, ஒரே பட்டன்ல பத்து வேலையை முடிக்கிற வீடியோ உங்க கண்ணுல படும். அடுத்த நிமிஷம் ஷாப்பிங் ஆப்ல "மேக்ரோ கீபோர்டு"ன்னு தேடிட்டு இருப்பீங்க. கீழேயே "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு பச்சைக் கலர்ல எழுதியிருக்கும்.

இதை வீடியோவா போடாம எழுத்துல போடுறதுக்குக் காரணம், இதுல கணக்கு இருக்கு. வீடியோல கணக்கு பார்த்தா தலையாட்டிட்டுப் போயிடுவோம். இங்க நிறுத்தி, உங்க நம்பரைப் போட்டுப் பார்க்கலாம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். மேக்ரோ கீபோர்டு நல்ல பொருள், ஏமாத்து வேலை கிடையாது. ஆனா பெரும்பாலான பார்ட் டைம் எடிட்டர்களுக்கு அது முதல்ல வாங்க வேண்டிய பொருள் இல்ல, கடைசியா வாங்க வேண்டியது. வாங்கினாலும் சம்பளப் பணத்துல வாங்கக்கூடாது, எடிட்டிங் சம்பாதிச்ச பணத்துலதான் வாங்கணும். ஏன்னு பார்ப்போம்.

உள்ளே என்னதான் இருக்கு?

மேக்ரோ பேட்னு சொல்றது ஒரு குட்டி கீபோர்டு. அதுல 6, 9, 15னு சில பட்டன்கள் இருக்கும். சிலதுல திருகுற குமிழும் இருக்கும். உள்ளே ஒரு சின்ன கன்ட்ரோலர் சிப். நீங்க ஒரு பட்டனை அமுக்கினா, அது கம்ப்யூட்டருக்கு "இந்தப் பத்து கீயை இவர் வரிசையா அமுக்கிட்டார்"னு சொல்லும், அவ்வளவுதான். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அதுவும் இன்னொரு சாதாரண கீபோர்டுதான்.

இதுல இரண்டு வகை இருக்கு. முதல் வகை, மேக்ரோவைத் தன் சிப்புக்குள்ளேயே வச்சுக்கும். கியூஎம்கே என்கிற ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர்ல ஓடுற பேட்கள் இந்த ரகம். வயா என்கிற டூலை வச்சு எந்தப் பட்டன் என்ன செய்யணும்னு மாத்திக்கலாம். ஒரு தடவை செட் பண்ணிட்டா வேற கம்ப்யூட்டர்ல சொருகினாலும் அதே வேலையைச் செய்யும். இரண்டாவது வகை, கம்ப்யூட்டர்ல ஓடுற தனி சாஃப்ட்வேரை நம்பி இருக்கிறது. பட்டனுக்குள்ளேயே குட்டித் திரை வச்ச எல்காட்டோ ஸ்ட்ரீம் டெக் இந்த ரகம். விலை வித்தியாசமும் பெரிசு. முதல் வகை ஆயிரத்துச் சொச்சத்துல ஆரம்பிக்கும், திரை வச்சதுல பலதும் பத்தாயிரத்தைத் தாண்டும்.

இங்க ஒரு வரலாறு தெரிஞ்சுக்கிட்டா நல்லது. ஸ்ட்ரீம் டெக் 2017ல வந்தது, லைவ் ஸ்ட்ரீமிங் பண்றவங்களுக்காக. லைவ்ல சரியான விநாடியில கேமராவை மாத்தணும், மைக்கை அணைக்கணும். தப்பினா தப்பினதுதான். அவங்களுக்கு ஒரே பட்டன்ல வேலை முடியறது உண்மையான தேவை. நம்ம எடிட்டிங்ல அந்த நெருக்கடி கிடையாது, நமக்குத்தான் கன்ட்ரோல் இசட் இருக்கே! அப்புறம் இந்தச் சந்தை எடிட்டர்கள் பக்கமும் நல்லாவே வளர்ந்துச்சு. லாஜிடெக் 2023ல லூப்டெக் கம்பெனியை வாங்குச்சு. 2024 செப்டம்பர்ல எம்எக்ஸ் கிரியேட்டிவ் கன்சோலை அமெரிக்காவுல சுமார் 200 டாலருக்குக் கொண்டு வந்துச்சு. நல்ல பொருள்கள்தான். ஆனா நாள் பூரா எடிட்டிங்கே தொழிலா இருக்கிறவரை மனசுல வச்சுப் போட்ட விலை அது. வாரத்துக்குப் பதினஞ்சு மணி நேரம் எடிட் பண்ற உங்களுக்குப் போட்ட விலை இல்ல.

உங்க நேரம் எங்க போகுது?

1967ல ஜீன் அம்தால்னு ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஒரு விஷயம் சொன்னார். ஒரு வேலையில ஒரு பகுதியை மட்டும் எவ்வளவு வேகமாக்கினாலும், மொத்த வேலை வேகமாகிறதுக்கு ஒரு எல்லை இருக்கு. அந்த எல்லையை முடிவு பண்றது நீங்க தொடாம விட்ட பகுதி. அம்தால் விதின்னு இதைச் சொல்வாங்க. அவர் சொன்னது கம்ப்யூட்டரைப் பத்தி, ஆனா நம்ம ராத்திரி வேலைக்கு அப்படியே பொருந்தும்.

ஒரு கல்யாண ஹைலைட் வீடியோவை எடுத்துக்குங்க. ஃபுட்டேஜைக் காப்பி பண்ணணும், மொத்தத்தையும் பார்க்கணும், நல்ல ஷாட்டைப் பொறுக்கணும். பாட்டு தேர்ந்தெடுக்கணும், வெட்டணும், ஒட்டணும், கலர் பண்ணணும். டைட்டில் போட்டு, எக்ஸ்போர்ட் கொடுத்துட்டுக் காத்திருக்கணும். கடைசியா "பொண்ணோட சித்தி வர்ற ஷாட்டைச் சேர்த்துடுங்க தம்பி"ன்னு போன் வந்ததும் மறுபடி திறக்கணும். இதுல மேக்ரோ கீபோர்டு உதவுறது எதுக்கு? வெட்டுறது, ஒட்டுறது, ஒரே எஃபெக்டைத் திரும்பத் திரும்பப் போடுறது, இதுக்குத்தான். ஷாட் பார்க்கிற நேரத்தை அது குறைக்காது. எக்ஸ்போர்ட் ஓடுற நேரத்தைக் குறைக்காது. சித்தியைக் குறைக்கவே குறைக்காது.

திரும்பத் திரும்பச் செய்யற கை வேலை மொத்த நேரத்துல அஞ்சுல ஒரு பங்குன்னு வச்சுக்குவோம். அந்த மேக்ரோ பேட் மந்திரம் மாதிரி அந்தப் பங்கை பூஜ்யமாக்கிட்டாலும், உங்களுக்கு மிச்சமாகிறது அதிகபட்சம் 20 சதவீதம். நிஜத்துல பூஜ்யம் ஆகாது.

இப்போ கணக்குக்கு வருவோம்

உதாரணத்துக்கு ஒருத்தர். மாசச் சம்பளம் 32,000 ரூபாய். ராத்திரியும் ஞாயிறும் சேர்த்து மாசம் 60 மணி நேரம் எடிட்டிங். அதுல வர்றது 15,000. அப்போ ஒரு மணி நேரத்துக்கு 250 ரூபாய்.

60 மணி நேரத்துல கை வேலை 20 சதவீதம்னா, 12 மணி நேரம். ஷார்ட்கட், மேக்ரோ எல்லாம் சேர்ந்து அதுல மூணுல ஒரு பங்கைக் குறைக்குதுன்னு எடுத்துக்குவோம். மிச்சம் மாசத்துக்கு 4 மணி நேரம், பணத்துல 1,000 ரூபாய். அவர் பார்த்து வச்ச பேட் 16,000 ரூபாய்னா, 16 மாசத்துல போட்ட பணம் திரும்பிடும்னு தோணும். "அட, பரவாயில்லையே"ன்னு கார்டை எடுத்துடாதீங்க. இங்கதான் பல பேர் கணக்கு தப்பாகுது.

அந்த 4 மணி நேரமும் பேட் கொடுத்ததா? கிடையாது. சாஃப்ட்வேர்ல ஏற்கெனவே இருக்கிற ஷார்ட்கட்டைச் சாதாரண கீபோர்டுலயே பழகியிருந்தா, அதுல 3 மணி நேரம் சும்மாவே மிச்சமாகியிருக்கும். பேட் தனியா கொடுத்தது கூடுதல் 1 மணி நேரம்தான். அதாவது மாசம் 250 ரூபாய். இப்போ 16,000ஐ 250ஆல வகுங்க, 64 மாசம்! அஞ்சு வருஷத்துக்கு மேல. அதே வேலையை 2,000 ரூபாய் பேட் செஞ்சா 8 மாசம். இந்த 3க்கு 1ங்கிற பிரிவு நான் உதாரணத்துக்கு வச்சது. உங்களுக்கு 2க்கு 2ஆ இருக்கலாம், அப்போ 32 மாசம். உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க. ஆனா கேள்வி இதுதான்: "மேக்ரோவால எவ்வளவு மிச்சம்?"னு கேட்காதீங்க, "இலவசமா கிடைக்கிறதுக்கு மேல இந்தப் பொருள் எவ்வளவு கூடுதலா மிச்சம் பண்ணுது?"ன்னு கேளுங்க. ஃபண்டுல போடும்போதும் எஃப்டியில கிடைக்கிறதுக்கு மேல என்ன கிடைக்கும்னுதானே கேட்கிறோம், அதே பழக்கம்தான்.

இன்னொரு மறைஞ்ச செலவும் இருக்கு. பேட் வந்த அன்னைக்கே வேலை வேகமாகாது. எந்தப் பட்டன்ல எதை வைக்கிறது, கை பழகுறது, ஒரு மேக்ரோ ஏன் வேலை செய்யலன்னு தேடுறது, எல்லாம் சேர்ந்து 15 மணி நேரம் தாராளமா போகும். உங்க ரேட்ல அது 3,750 ரூபாய். எந்த பில்லுலயும் இது வராது.

ஆடி மாசம் இஎம்ஐ லீவு எடுக்காது

நம்ம ஊர்ல கல்யாண எடிட்டிங் வருமானம் பஞ்சாங்கத்தைப் பார்த்து வர்றது. ஆடியில கல்யாணம் கிடையாது, மார்கழியில கிடையாது. புரட்டாசியிலயும் நிறைய குடும்பங்கள் வைக்கிறதில்ல. அப்போ வருஷத்துல முழு வேலை இருக்கிறது சுமார் 9 மாசம். மேல சொன்ன 64 மாசம் வேலை இருக்கிற மாசங்கள். காலண்டர்ல எண்ணினா ஏழு வருஷம் ஆகிடும். அதுக்குள்ள நீங்க வேற கம்பெனி, வேற ஊர், ஏன், உங்க கல்யாண வீடியோவையே இன்னொருத்தர் எடிட் பண்ணிட்டு இருப்பார்.

வேடிக்கை என்னன்னா, ஆர்டர் வராத ஆடியிலதான் ஆடித் தள்ளுபடி வரும். வருமானம் நிக்கிற மாசத்துல செலவுக்குக் கூப்பிடுவாங்க.

நோ காஸ்ட் இஎம்ஐ பத்தியும் ஒரு வார்த்தை. ஜீரோ பர்சென்ட் வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிடுச்சு. இப்போ கிரெடிட் கார்டுல நடக்கிறது இதுதான்: வங்கி வட்டி போடும், அந்த வட்டி அளவுக்கு முன்னாடியே உங்களுக்குத் தள்ளுபடி காட்டுவாங்க. 16,000 ரூபாய், 6 மாசம், 15 சதவீதம்னு வச்சா வட்டி சுமார் 680 ரூபாய். வட்டி தள்ளுபடியில சரியாகிடும். ஆனா வட்டி மேல வர்ற 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 120 ரூபாய், உங்க தலையில. பிராசசிங் ஃபீ 199னு வச்சா அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. மொத்தம் 350ஐத் தாண்டிடும்.

350 ரூபாய்ல யாரும் அழிஞ்சு போயிடப் போறதில்ல. பிரச்சினை வேற. பார்ட் டைம் வருமானம் ஏறி இறங்கும், இஎம்ஐ ஏறி இறங்காது. ஆர்டர் இல்லாத மாசத்துல அந்த 2,667 ரூபாய் எங்கிருந்து போகும்? சம்பளத்துல இருந்து. அதாவது வாடகை, வீட்டுக்கு அனுப்புற பணம், எஸ்ஐபி இருக்கிற இடத்துல இருந்து. எக்ஸ்ட்ரா சம்பாதிக்க ஆரம்பிச்ச தொழில், உங்க அடிப்படைச் சம்பளத்தைச் சாப்பிட ஆரம்பிச்சுடும். அதனாலதான் எடிட்டிங் வருமானத்துக்குத் தனி சேவிங்ஸ் அக்கவுண்ட் வைங்கன்னு சொல்றேன். கருவி எதுவா இருந்தாலும் அந்த அக்கவுண்ட்ல காசு இருந்தா வாங்குங்க, இல்லன்னா வேண்டாம்.

வரி விஷயமும் சொல்லிடறேன். சம்பள வருமானத்துல இந்தச் செலவைக் கழிக்க முடியாது. சம்பளத்துக்குக் கிடைக்கிறது ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்தான், புதிய வரி முறையில 75,000 ரூபாய். எடிட்டிங் வருமானத்தைத் தொழில் வருமானமா ரிட்டர்ன்ல காட்டினாத்தான், தொழிலுக்காக வாங்கின கருவியைக் கணக்குல கொண்டு வர்ற வழி திறக்கும். உங்க பேர்ல பில் வாங்கி வைங்க, ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. ஜிபேல வர்ற பணமும் வருமானம்தான்.

சும்மா கிடைக்கிறதை முதல்ல எடுங்க

பிரீமியர் புரோல கன்ட்ரோல் ஆல்ட் கே அமுக்குங்க. மொத்த கீபோர்டு படமும் திரையில வரும், எந்தக் கீக்கு என்ன வேலைன்னு நீங்களே மாத்தலாம். கன்ட்ரோல் கே போட்டா பிளேஹெட் இருக்கிற இடத்துல வெட்டும். கியூ அமுக்கினா அந்த கிளிப்ல பிளேஹெட்டுக்கு முன்னாடி இருக்கிறதை வெட்டி, இடைவெளியையும் மூடிடும். டபிள்யூ அமுக்கினா பின்னாடி இருக்கிறதை. ரேசர் டூலை எடுத்து, பிளேஹெட் இருக்கிற இடத்துல வெட்டி, வேண்டாத துண்டை அழிச்சு, இடைவெளியை மூடுற நாலு வேலை ஒரே கீயில முடியுது. ஜே, கே, எல் மூணு கீயில ஓட்டுறது, நிறுத்துறது, வேகமா ஓட்டுறது எல்லாம் முடியும். டாவின்ச்சி ரிசால்வோட இலவசப் பதிப்புலயே கீபோர்டை மாத்திக்கிற வசதி இருக்கு.

போட்டோ பக்கம் இன்னும் பெரிய லாபம். ஒரு கல்யாணத்துல 3,000 போட்டோ வருதுன்னு வைங்க. லைட்ரூம் கிளாசிக்ல கேப்ஸ் லாக்கைப் போட்டுட்டு, நல்லதுக்கு பி, வேண்டாததுக்கு எக்ஸ் அமுக்குங்க. அமுக்கினதும் தானா அடுத்த போட்டோவுக்குப் போயிடும். ஒரு போட்டோவுக்கு 2 விநாடின்னா 100 நிமிஷத்துல பொறுக்கி முடிச்சுடலாம். மவுஸைத் தேடித் தேடி கிளிக் பண்ணி 4 விநாடி எடுத்தா 200 நிமிஷம். ஒரு கல்யாணத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல வித்தியாசம், செலவு பூஜ்யம். போட்டோஷாப்ல ஆக்ஷன்ஸ் இருக்கு. ஒரு தடவை செய்யறதைப் பதிவு பண்ணி, ஒரு ஃபங்ஷன் கீயில வச்சுக்கலாம். ஒரு ஃபோல்டர் முழுக்க மொத்தமா ஓட விடவும் செய்யலாம். யோசிச்சுப் பாருங்க, அதுவே ஒரு மேக்ரோதான்.

அடுத்த படி, விண்டோஸ்னா ஆட்டோஹாட்கீ. 2003ல இருந்து இருக்கிற இலவச சாஃப்ட்வேர். உங்க லேப்டாப்ல நம்பர் பேட் இல்லன்னா, சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி நம்பர் பேட் கிடைக்கும். அதை வாங்கிச் சொருகி, ஒவ்வொரு நம்பர் கீக்கும் ஆட்டோஹாட்கீல ஒரு வேலை கொடுத்தா போதும். 17, 18 பட்டன் உள்ள மேக்ரோ பேட் ரெடி. பட்டனுக்கு மேல ஸ்டிக்கர் ஒட்டிக்குங்க. பட்டனுக்குள்ள திரை வரல, அவ்வளவுதான் குறை. கொஞ்ச நாள்ல கை பழகிட்டா பட்டனை யாரும் பார்க்கிறதில்ல.

மேக்ரோவுக்குக் கண் கிடையாது

பொருளோட குறையையும் தெரிஞ்சுக்கணும். மேக்ரோ குருட்டுத்தனமா கீ அமுக்கும். நீங்க டைம்லைன்ல இருக்கீங்களா, புராஜெக்ட் பேனல்ல இருக்கீங்களான்னு அதுக்குத் தெரியாது. டைம்லைனுக்குன்னு எழுதின டெலீட் வேற பேனல்ல போய் விழுந்தா, வேற எதையாவது அழிச்சுடும்.

தமிழ் டைட்டில் போடுறவங்களுக்கு இது தினசரித் தலைவலி. தமிழ்99ல மணமக்கள் பேரை அடிச்சிட்டு, இங்கிலீஷுக்கு மாத்த மறந்து டைம்லைனுக்கு வருவீங்க. கியூ, டபிள்யூ மாதிரி ஒத்தை எழுத்து ஷார்ட்கட் மக்கர் பண்ணும். மேக்ரோ பேடும் அதே கீயைத்தானே அனுப்புது, அதுவும் மாட்டிக்கும். சரி, மேக்ரோவோட முதல் அடியா விண்டோஸ் கீ ஸ்பேஸ் வச்சு மொழியை மாத்திடலாமேன்னு தோணும். அது அடுத்த மொழிக்குத் தாவுற கீ. ஏற்கெனவே இங்கிலீஷ்ல இருந்தா தமிழுக்குப் போயிடும். சரியான வழி, விண்டோஸ் கீபோர்டு செட்டிங்ஸ்ல இங்கிலீஷுக்குன்னு தனி ஷார்ட்கட் கொடுத்து, அதை மேக்ரோவுல முதல்ல வைக்கிறது. எத்தனை தடவை அமுக்கினாலும் இங்கிலீஷ்லதான் நிக்கும். இந்த ஒரு மேக்ரோவே தமிழ் எடிட்டருக்கு நிறைய எரிச்சலைக் குறைக்கும். இதுக்கு 16,000 ரூபாய் பெட்டி தேவையில்லைங்கிறதையும் கவனிங்க.

இன்னொண்ணு, ஆஃபீஸ் லேப்டாப்ல இதைச் சொருகவே சொருகாதீங்க. தானா கீ அமுக்குற யூஎஸ்பி பொருளை ஐடி செக்யூரிட்டி டீம் சந்தேகமாத்தான் பார்க்கும். மேக்ரோ பேடும், கம்ப்யூட்டரை ஹேக் பண்ணப் பயன்படுத்துற போலி கீபோர்டும் வேலை செய்யற விதம் ஒண்ணுதான். அதோட ஆஃபீஸ் லேப்டாப்ல பார்ட் டைம் எடிட்டிங்கே ஆபத்து. உங்க அப்பாயின்ட்மெண்ட் ஆர்டர்ல வெளி வேலை பத்தி என்ன எழுதியிருக்குன்னு இன்னைக்கே ஒரு தடவை படிங்க. 15,000த்துக்காக 32,000த்தைப் பணயம் வைக்கிறது எந்தக் கணக்குலயும் லாபம் இல்ல.

அப்போ யாருக்கு இது தேவை?

வாங்க வேண்டியவங்களும் இருக்காங்க. முதல்ல, ஷார்ட்கட் எல்லாம் விரல் நுனியில பழகி, அதுக்கு மேலயும் ஒரே வேலையை நாளுக்கு நூறு தடவை செய்யறவங்க. இரண்டாவது, மூணு நாலு கீயைச் சேர்த்து அமுக்கி மணிக்கட்டு, விரல் வலி வந்தவங்க. அவங்களுக்கு இது கருவி மட்டுமில்ல, உடம்புக்கான செலவு. வலி தொடர்ந்தா டாக்டரைப் பார்க்கிறதுதான் முதல் செலவு. மூணாவது, போட்டோ கலர் வேலை அதிகம் பண்றவங்க. இங்க பட்டனை விடக் குமிழ்தான் முக்கியம். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் ஸ்லைடரை மவுஸால இழுக்கிறதை விட, கண்ணைப் படத்துலயே வச்சுக்கிட்டுக் கையால திருகுறது சுகம். இதுக்கும் மலிவு வழி உண்டு. மியூசிக் பண்றவங்க வச்சிருக்கிற மிடி கன்ட்ரோலர் ஏதாவது கையில இருந்தா, மிடி2எல்ஆர் என்கிற இலவச பிளக்இன் மூலமா அதோட குமிழ்களை லைட்ரூமோட இணைக்கலாம்.

வீடியோ வெட்டுறவருக்குப் பட்டன், போட்டோ கலர் பண்றவருக்குக் குமிழ். இது தெரியாம, பட்டன் மட்டும் இருக்கிறதை வாங்கி மேஜை ஓரமா வச்சிருக்கிறவங்க நிறைய பேர்.

நாலு வாரம் டைம் எடுத்துக்குங்க. முதல் வாரம், எதையும் மாத்தாம ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் போகுதுன்னு போன்லயே குறிச்சு வைங்க. இரண்டாவது, மூணாவது வாரம், நீங்க அதிகம் செய்யற அஞ்சு வேலைக்கு மட்டும் ஷார்ட்கட் பழகுங்க. அஞ்சு போதும், ஐம்பது வேண்டாம். நாலாவது வாரம் மறுபடி நேரம் குறிங்க. அதுக்கு அப்புறமும் "இந்த இடத்துல ஒரு பட்டன் இருந்தா நல்லா இருக்குமே"ன்னு குறைஞ்சது அஞ்சு இடமாவது சொல்ல முடிஞ்சா, நம்பர் பேடோ 2,000 ரூபாய் பேடோ வாங்குங்க. ஆறு மாசம் அது தினமும் உழைச்சு, பட்டன் பத்தாமப் போச்சுன்னா, விலை கூடினதுக்கு எடிட்டிங் அக்கவுண்ட்ல காசு சேருங்க.

மிச்சமான நேரம் யாருக்கு?

கடைசியா, பணத்தை விடப் பெரிய கேள்வி. மாசம் 4 மணி நேரம் மிச்சமாச்சுன்னா 1,000 ரூபாய்னு மேல எழுதினேன். அது கணக்குக்காக எழுதினது. நிஜத்துல அந்த ஆயிரம் தானா உங்க அக்கவுண்டுக்கு வராது. அந்த 4 மணி நேரத்துல காசு கொடுக்கிற இன்னொரு ஆர்டர் இருந்தாத்தான் வரும். மணிக்கணக்குல பில் போடுறவரா இருந்தா நிலைமை இன்னும் மோசம், வேகமா முடிச்சா வருமானம் குறையும். பீஸ் ரேட்டுக்குப் பண்றவருக்குத்தான் வேகம் லாபம். அதனால பேட் வாங்குறதுக்கு முன்னாடி, பீஸ் ரேட்டுக்கு மாறுங்க. இரண்டு தடவைக்கு மேல கரெக்ஷன் கேட்டா தனி சார்ஜ்னு முதல்லயே வாட்ஸ்அப்ல எழுதிக் கொடுங்க. அந்த ஒரு மெசேஜ், சந்தையில இருக்கிற எந்த மேக்ரோ பேடையும் விட அதிக நேரத்தை மிச்சம் பண்ணும்.

புது ஆர்டர் இல்லன்னா? அந்த 4 மணி நேரத்துல தூங்குங்க. உண்மையாத்தான் சொல்றேன். காலையில 9 மணிக்கு ஆஃபீஸ்ல உட்கார வேண்டிய ஆள், ராத்திரி 1 மணி வரைக்கும் டைம்லைன் முன்னாடி இருக்கிறது பழக்கமாச்சுன்னா, முதல் அடி விழுறது அந்த 32,000 ரூபாய் வேலையில. அப்ரைசல்ல போற ஒரு பர்சென்டேஜை எந்தக் கல்யாண ஆர்டரும் ஈடு கட்டாது. மிச்சமான நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுத்தா அது நஷ்டம் இல்ல. ஆனா வேகமா முடிக்கிறோம்னு இன்னும் இரண்டு ஆர்டர் இழுத்துப் போட்டு, அதே 1 மணிக்கே படுத்தா, கீபோர்டு உங்களுக்காக உழைக்கல, நீங்கதான் கீபோர்டோட விலைக்காக உழைக்கிறீங்க.

கார்ட்ல போட்டு வச்ச அந்தப் பேட் ஒரு மாசம் அங்கேயே இருக்கட்டும். இன்னைக்கு ராத்திரி எடிட்டிங் திறந்ததும் கன்ட்ரோல் ஆல்ட் கே அமுக்கி, அஞ்சே அஞ்சு கீயைத் தேர்ந்தெடுங்க. மாசக் கடைசியில உங்க நம்பர் என்ன சொல்லுதோ, அதைக் கேட்டு முடிவெடுங்க.